‘கரண்ட் வைக்கிற’ மிஷினும், தங்கையை இழந்த ஒரு டாக்டர் அக்காவும்

எங்க ஜலகண்டாபுரம் பக்கம் யாருக்காவது கேன்சர்னு தெரிஞ்சு, ரேடியேஷன் கொடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டா, அந்தச் செய்தி ரேடியேஷன்ங்கிற பேர்ல தெருவுல பரவாது. ‘கரண்ட் வைக்கப் போறாங்களாம்’னுதான் பரவும். கேட்கிறவங்க முகம் அப்படியே மாறிடும். உடம்புல மின்சாரத்தைப் பாய்ச்சுவாங்களோ, உள்ளே எல்லாம் கருகிடுமோ, பக்கத்துல குழந்தைங்களை விடலாமோ கூடாதோன்னு ஆளாளுக்கு ஒரு பயம். தறிச் சத்தத்துக்கு நடுவுலயும் இந்தக் குசுகுசுப்பு மட்டும் நல்லாவே காதுல விழும்.

அந்தக் ‘கரண்ட்’ மிஷின் நம்ம ஊருக்கு வந்த கதை, தங்கையைப் பறிகொடுத்த ஒரு டாக்டர் அக்காகிட்ட இருந்து தொடங்குது. அவர் பேர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அரசாங்கம் கர்ப்பிணிகளுக்குப் பணம் தருதே, அந்த மகப்பேறு உதவித் திட்டத்துக்கு வெச்சிருக்கிற பேர். 2019 ஜூலை 30 அன்னைக்கு கூகுள் டூடுலா வந்தாரே, அவரேதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி, அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பெண் குழந்தை வயசுக்கு வந்துட்டா படிப்பு அத்தோடு சரி. முத்துலட்சுமியையும் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினாங்க. வீட்டிலேயே படிச்சு மெட்ரிக் தேறினார். அடுத்து காலேஜ். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலோ பசங்க மட்டும்தான். ஒரு பெண்ணைச் சேர்த்தால் கல்லூரி கெட்டுப்போகும்னு எதிர்ப்பு கிளம்ப, சமஸ்தானத்து மன்னரே தலையிட்டு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர். எழும்பூர் அரசு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். ‘முதல் பெண்’ பட்டியல் இதுக்கு அப்புறமும் நீளமா போகும். அதையெல்லாம் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் பார்த்துக்கலாம். நமக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் வராத ஒரு விஷயம்.

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்கு உடம்பு சரியில்லாம போச்சு. முதலில் அது என்ன நோய்னே சரியா பிடிபடலை. கேன்சர்னு தெரிய வந்தப்போ கை மீறிப் போயிருந்தது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அக்கா டாக்டர். அக்கா வீட்டுக்காரர் சுந்தர ரெட்டியும் டாக்டர். ஊரில் பெரிய டாக்டர்கள் எல்லாரும் தெரிஞ்சவங்க. இவ்வளவு இருந்தும், தங்கை வலியில் துடிக்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் முடிஞ்சது. இளம் வயசிலேயே அந்தத் தங்கை போய்ச் சேர்ந்தார். வசதியும் படிப்பும் உள்ள வீட்டுக்கே இந்தக் கதின்னா, இல்லாதப்பட்டவங்க என்ன செய்வாங்க? இந்தக் கேள்வி அதுக்கப்புறம் அவரை விடவே இல்லை.

1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனார். அந்த ஊரில் கேன்சருக்குன்னே தனி ஆஸ்பத்திரி 1851-லயே தொடங்கியிருந்தாங்க. நம்ம ஊரில் அப்படி ஒண்ணு வேணும்ங்கிற எண்ணம் அவருக்கு உறுதியானது.

ஆனா உடனே எதுவும் நடக்கலை. திரும்பி வந்ததும் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார், துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அம்மா பிறந்த வீட்டுச் சூழல் தெரிஞ்சவருக்கு அது வெறும் அரசியல் கிடையாது. காந்தி கைதானதும் 1930-ல் பதவியைத் தூக்கிப் போட்டார். போக்கிடம் இல்லாத பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேற 1947 வரை ஆச்சு.

இத்தனைக்கும் நடுவில், 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் கேன்சர் ஆஸ்பத்திரி யோசனையை வெளிப்படையா முன்வைத்தார். வரவேற்பு? பெருசா ஒண்ணும் இல்லை. சுதந்திரம் வந்த பிறகும், கேன்சர் வந்தால் சாகத்தானே போறாங்க, அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆஸ்பத்திரின்னு அமைச்சர் மட்டத்திலேயே கேட்டாங்க. இப்போ கேட்டா கோபம் வருது. ஆனா அன்னைக்கு அது ஊர் உலகமே நம்பின விஷயம். கரண்ட்னு சொன்னதும் நம்ம தெருவில் முகம் மாறுதே, அதுவும் அந்த நம்பிக்கையோட மிச்சம்தான்.

அவர் விடலை. இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் கேன்சர் சிகிச்சை கத்துக்கிட்டு வந்தார். இந்திய மாதர் சங்கம் மூலமா நிதி திரட்டினாங்க. 1952 அக்டோபரில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாறில் 12 படுக்கையோட கேன்சர் இன்ஸ்டிடியூட் திறந்தாச்சு. தங்கை இறந்து 30 வருஷத்துக்கு மேல. அக்காவுக்கு வயசு 67. அடுத்த வருஷம் ஒரு இளம் பெண் டாக்டர் வந்து கிருஷ்ணமூர்த்தியோட சேர்ந்தார். அவர்தான் சாந்தா. 2021-ல் இறக்கும் வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரலை.

தொடங்கின சில வருஷத்துலயே, கனடா நாட்டு உதவியா அங்கே ஒரு மிஷின் வந்து இறங்கியது. நாட்டிலேயே முதல் கோபால்ட் மிஷின். கோபால்ட்-60ங்கிற கதிரியக்க உலோகத்தை கனமான ஈயத் தலைக்குள்ள பூட்டி வெச்சிருப்பாங்க. வழி திறந்தா கதிர் வெளியே வரும், மூடினா நிற்கும். ஆனா உள்ளே இருக்கிற கோபால்ட்டை அணைக்க முடியாது. ராத்திரி பகலா அது கதிர் விட்டுக்கிட்டே இருக்கும். சுமார் 5 வருஷம் 3 மாசத்தில் அதோட பலம் பாதியாயிடும். அப்போ அதே டோஸ் கொடுக்க, நோயாளி இரண்டு மடங்கு நேரம் படுக்கணும். வயித்துக்குள்ள ஆழத்தில் இருக்கிற கட்டின்னா இன்னொரு சிக்கல். அங்கே போய்ச் சேர்றதுக்குள்ள வழியில் இருக்கிற நல்ல சதை நிறைய வாங்கிக்கும். இத்தனை குறை இருந்தாலும், இந்தியா முழுக்க லட்சக்கணக்கான பேரைக் காப்பாத்தின மிஷின் அது. குறை சொல்லிட்டு அப்படியே போக எனக்கு மனசு வரலை.

1968 ஜூலை 22-ல் முத்துலட்சுமி காலமானார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தா 82 முடிஞ்சிருக்கும்.

அவர் போய் எட்டு வருஷம் கழிச்சு, 1976-ல், அதே அடையாறு வளாகத்துக்கு இந்தியாவின் முதல் லீனியர் ஆக்சிலரேட்டர் வந்தது. சுருக்கமா ‘லினாக்’. உலகத்தில் முதல் முதலா ஒரு நோயாளிக்கு இதை வெச்சு சிகிச்சை கொடுத்தது 1953-ல், லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில். இன்னைக்கு ‘கரண்ட் வைக்க’ப் போறவங்க பெரும்பாலும் படுக்கிறது இந்த மிஷினுக்குக் கீழேதான்.

இதுல கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. கதிரை அங்கேயே, அப்பவே உண்டாக்குறாங்க. எப்படி?

சின்ன வயசுல சைக்கிள் டயரைக் குச்சியால தட்டி ஓட்டியிருக்கீங்களா? நீங்க ஒரு ஆள் தட்டினா ஒரு வேகம். இப்போ ஒரு நீளத் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு பையன் குச்சியோட நிற்கிறான்னு வெச்சுக்கோங்க. டயர் தன் வாசலுக்கு வர்ற அந்த நொடியில, சரியா ஒரு தட்டு. அடுத்த வீட்டுப் பையன் இன்னொரு தட்டு. தெருக்கோடிக்கு வரும்போது டயர் பறக்கும் இல்லையா? அந்தத் தெருதான் லினாக். டயர்தான் எலக்ட்ரான்.

ஒரு முனையில் சூடான உலோகத்தில் இருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். தாத்தா வீட்டு டப்பா டிவிக்குள்ளயும் இதேதான் நடந்தது. தெருங்கிறது காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்த ஒரு செம்புக் குழாய், உள்ளே சின்னச் சின்ன அறைகளா பிரிச்சிருக்கும். பையன்களோட தட்டு மாதிரி வேலை செய்றது மைக்ரோவேவ் அலை. சமையல் மைக்ரோவேவ் அவனும் உங்க வைஃபையும் 2,400 மெகாஹெர்ட்ஸ் பக்கம்னா, இது 3,000 பக்கம். பக்கத்து வீட்டுச் சொந்தம்தான், பலம் மட்டும் பல மடங்கு. இரண்டாம் உலகப் போரில் ராடாருக்காக வளர்த்த தொழில்நுட்பம் இது. போர் விமானத்தைக் கண்டுபிடிக்க வந்தது, ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சது. குழாயோட நீளம் ஒரு முழத்தில் இருந்து ஒரு ஆள் உயரம் வரைக்கும்தான். அதுக்குள்ள எலக்ட்ரான் கிட்டத்தட்ட ஒளியோட வேகத்தைத் தொட்டுடும்.

தெருக்கோடியில் டங்ஸ்டன் தகடு ஒண்ணு காத்திருக்கும். எலக்ட்ரான்கள் அதில் போய் மோதும். டவுன் பஸ் சடன் பிரேக் போட்டா நின்னுக்கிட்டு வந்தவங்க கதி என்ன? அந்த மாதிரி, வேகம் திடீர்னு அடங்கும்போது இருந்த ஆற்றல் எங்கேயாவது போயாகணும். பெரும் பகுதி சூடாகும், மீதி எக்ஸ்ரேயா வெளியே பாயும். சாதாரண எக்ஸ்ரேவை விட இது பல மடங்கு வீரியமானது. அதனால தோல்ல கம்மியாவும், உள்ளே தள்ளி அதிகமாவும் டோஸ் விழும். கோபால்ட்டை விட இன்னும் ஆழம் போகும்.

வெளியே வர்ற கதிரை இன்னைக்கு மிஷினில் சீப்புப் பல்லு மாதிரி இருக்கிற டங்ஸ்டன் தகடுகள், கட்டியோட வடிவத்துக்கு ஏத்த மாதிரி நகர்ந்து கத்தரிக்கும். மிஷினோட தலை நோயாளியைச் சுத்திச் சுழலும். பல பக்கத்தில் இருந்து வர்ற கதிர் எல்லாம் கட்டியில ஒண்ணு கூடும். வழியில் இருக்கிற சதைக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான் போய்ச் சேரும்.

இப்போ நம்ம தெருவோட பயத்துக்கு வருவோம். மின்சாரம் ஓடுறது மிஷினுக்குள்ள, நோயாளி உடம்பில் இல்லை. படுத்திருக்கும்போது எதுவும் தெரியாது. ஷாக் இல்லை, சூடு இல்லை. தோலை ஒட்டின சில கட்டிகளுக்கு மட்டும் டங்ஸ்டன் தகட்டை விலக்கிட்டு எலக்ட்ரானையே நேரா விடுவாங்க. அந்த ஒரு இடத்தில் ‘கரண்ட்’ங்கிற பேச்சு கொஞ்சம் பொருந்தும், அப்பவும் வலி கிடையாது. பட்டனை அணைச்சா கதிர் நின்னுடும். வீட்டுக்கு வர்றவங்க உடம்பில் கதிர் ஒட்டிக்கிட்டு வராது. பேரக்குழந்தையைத் தாராளமா மடியில் தூக்கி வெச்சுக்கலாம்.

கஷ்டமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். உடம்பு அசந்து போகும், கதிர் படுற இடத்தில் தோல் கறுக்கும், வாய்க்குள்ள கொடுத்தா புண் வந்து சோறு இறங்காது. நல்ல செல்லுக்குத் தன்னைச் சரிபண்ணிக்க அவகாசம் வேணும்ங்கிறதால டோஸைத் துண்டு துண்டா பிரிச்சுத்தான் கொடுக்கிறாங்க. வாரத்துக்கு அஞ்சு நாள், பல பேருக்கு அஞ்சாறு வாரம். மிஷினுக்குக் கீழே இருக்கிறது சில நிமிஷம்தான். தறிக்குப் போற ஒருத்தருக்கு அந்தச் சில நிமிஷத்துக்காக ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், கூட வர்ற ஆளோட கூலியும் போகும். ரெண்டாவது வாரமே கொஞ்சம் தேவலைன்னு தோணும். போதும்னு நிறுத்திடலாமான்னு வீட்டில் பேச்சு வரும். நிறுத்தக் கூடாது. பாதியில் விட்டா, மிச்சம் இருக்கிற கேன்சர் செல்கள் மறுபடி தலைதூக்கும்.

முத்துலட்சுமியின் தங்கைக்கு நிறுத்துறதா வேண்டாமான்னு யோசிக்கிற வாய்ப்பே கிடைக்கலை. லினாக்கும் கோபால்ட்டும் அன்னைக்குப் பிறக்கவே இல்லை. இப்போ ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி சேலத்தில் ஏறினா, விடியக்காலை சென்னையில் இறங்கிடலாம். அடையாறுக்கு அங்கிருந்து டவுன் பஸ் இருக்கு. காசு இல்லைங்கிறதுக்காக வந்தவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாதுங்கிறது அந்தம்மா காலத்தில் இருந்தே அங்கே வழக்கம்.