வேதியியலும் தீட்டும்: பிரபுல்ல சந்திர ராயின் வாழ்வு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தோரில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்களான தலித் மக்கள். உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பை அழித்து உயிரையும் பறிக்கிறது. வேதியியல் பயின்ற எவரும் அறிந்த இச்செய்தி குடித்தவரை எட்டவில்லை. அவ்வறிவு யாரிடம் தங்கிவிடுகிறது என்ற கேள்வியோடுதான், இந்திய வேதியியலாளர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவியவரின் வாழ்வை நாம் படிக்கிறோம்.

பிரபுல்ல சந்திர ராய் 1861 ஆகஸ்ட் 2 அன்று, இன்று வங்கதேசத்திலுள்ள ராருலியில் காயஸ்த நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் பிரம்ம சமாஜத்தில் இணைந்தார். எடின்பரோவில் 1887இல் முனைவர் பட்டம் பெற்று, 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே அவர் முதலில் எடுத்துக்கொண்ட ஆய்வு நெய்யிலும் கடுகெண்ணெயிலும் செய்யப்படும் கலப்படம் பற்றியது. 1896இல் வெளியான மெர்குரஸ் நைட்ரைட் ஆய்வே அவருக்குப் புகழ் தந்தது. ஏழையின் அடுப்படிக்குள் நுழைந்த முந்தைய ஆய்வையே நாம் பெரிதாக மதிக்கிறோம். வீட்டில் தொடங்கிய மருந்துத் தயாரிப்பு 1901இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனமாக வளர்ந்தது.

1902இலும் 1909இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது இந்து வேதியியல் வரலாறு நமக்கு மிக முக்கியமானது. தலைப்பிலுள்ள 'இந்து' உறுத்தவே செய்கிறது. நாகார்ஜுனர் முதலிய பௌத்தர்களின் பங்கை அந்நூலே விரித்துரைக்கிறது. இந்நாட்டில் அறிவியல் ஏன் அழிந்தது என்ற வினாவுக்கு அவர் சாதியையே காரணமாகக் காட்டினார். பிணத்தை அறுத்துக் கற்க வேண்டும் என்றது சுசுருதரின் மருத்துவம். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றன ஸ்மிருதிகள். தொழில்கள் பிறப்போடு பூட்டப்பட்டதும் சிந்தித்தவர் கைவேலையைக் கைவிட்டார். கைவேலை செய்தவருக்கு ஏடு மறுக்கப்பட்டது. இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் சேகரிக்கும் கடுக்காயிலுள்ள டானின் தோலைப் பதப்படுத்துகிறது. அது வேதியியல்தான். தோலைப் பதனிட்ட கைகளுக்கோ தீட்டு என்று பெயரிட்டார்கள்.

ராயின் மாணவர்களுள் ஒருவர் இயற்பியலாளர் மேக்நாத் சாஹா. சாராயத் தொழிலோடு பிணைத்துத் தாழ்த்தப்பட்ட சுண்டி சமூகத்தில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். ஈடன் இந்து விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு உணவருந்த மறுத்தனர். சாதியை வீழ்ச்சியின் காரணமாக ராய் எழுதி வெளியிட்ட பிறகும், அவர் கற்பித்த கல்லூரியின் விடுதியிலேயே இது நடந்தது.

1924இல் இந்திய வேதியியல் சங்கம் கல்கத்தாவில் தோன்றியது. ராய் முதல் தலைவர். அவருடைய மாணவர் ஞானேந்திரநாத் முகர்ஜி முதல் செயலாளர். சங்கம் தனக்கென ஆய்விதழையும் நடத்தியது. காலனி ஆட்சியில் இது சிறிய சாதனையன்று. ஆயினும் அத்தகைய சங்கத்தின் கதவைத் திறப்பது பட்டம். அந்தப் பட்டத்தின் வாயிலில் சாதி நின்றது. கையையும் அறிவையும் பிரித்ததே கேடு என்று கண்டவர், பதனிடுவோரையும் சாயமிடுவோரையும் அவ்வவைக்குள் அழைத்துவரவில்லை என்பது நம் மனக்குறை.

அறுபது வயதுக்குப் பின் தம் பல்கலைக்கழக ஊதியத்தை அவர் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். மணம் செய்துகொள்ளவில்லை. அறிவியல் கல்லூரிக் கட்டடத்தின் ஓர் அறையிலேயே வாழ்ந்து, 1944 ஜூன் 16 அன்று மறைந்தார்.