லைக்கா கண்ட பர்னாக்

பழைய புகைப்படக் கருவிகளையும் அவற்றின் கண்ணாடி வில்லைகளையும் தேடித் தொகுப்போர் உலகின் பல நாடுகளிலும் உளர். அவர்கள் பெரிதும் போற்றும் பெயர்களுள் ஒன்று ஆஸ்கார் பர்னாக் என்பதாகும். அவர் ஜெர்மனியில் பிராண்டன்பர்க் பகுதியைச் சேர்ந்த லைனோ என்னும் சிற்றூரில் 1879ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் பிறந்தார். இளமையில் நுண்கருவித் தொழிலைப் பயின்று, 1902ஆம் ஆண்டில் யேனா நகரத்துச் சைஸ் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார்.

குன்றுகளிலும் காடுகளிலும் சுற்றித் திரிந்து, கண்ட காட்சிகளைப் படம் பிடிப்பதில் பர்னாக்குக்குப் பெருவிருப்பம். ஆனால் இரைப்பு நோய் அவரை விடாது வருத்தியது. அக்காலத்துப் புகைப்படக் கருவியோ பெரிய பெட்டி. 13 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் நீளமும் உடைய தகடுகளையும், அவற்றைத் தாங்கும் சட்டங்களையும் உடன் சுமக்க வேண்டும். அச்சுமையுடன் மேடேறுகையில் அவருக்கு மூச்சு முட்டியது. படத்தைச் சிறியதாக எடுத்து, வீட்டிற்கு வந்தபின் பெரிதாக்கிக்கொண்டால் என்ன என்று அவர் எண்ணலானார். ஒரே தகட்டில் பதினைந்து, இருபது சிறு படங்களைப் பதித்தும் பார்த்தார். பெரிதாக்கியபோது தகட்டுப் பூச்சின் மணிகள் பருத்துத் தோன்றிப் படங்களைக் கெடுத்தன. முயற்சி அவ்வளவில் நின்றது.

1911ஆம் ஆண்டில் அவர் வெட்ஸ்லர் நகரில் நுண்ணோக்கிகள் செய்துவந்த லைட்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே சினிமாத் தொடர்பான ஆராய்ச்சிகளிலும் ஈடுபட்டார். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சினிமாப் படச்சுருள் அவர் கைக்கு வந்தது. பழைய எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. சினிமாப் படக் கட்டத்தின் அளவு 18க்கு 24 மில்லிமீட்டர். அதனை இருமடங்காக்கி 24க்கு 36 என்று அமைத்துக்கொண்டார். 1914ஆம் ஆண்டிற்குள், சட்டைப் பையில் அடங்கும் உலோகக் கருவி ஒன்று உருவாகிவிட்டது. அதற்குள் உலகப்போர் மூண்டது, பணி தடைப்பட்டது. எனினும் பர்னாக் அக்கருவியைப் பயன்படுத்தியே வந்தார். 1920ஆம் ஆண்டில் வெட்ஸ்லர் நகரை வெள்ளம் சூழ்ந்தபோது அதைக்கொண்டு அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

1923ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ இருபது மாதிரிக் கருவிகள் செய்யப்பட்டன. அவற்றுக்கு ஏற்ற வில்லையை மாக்ஸ் பெரெக் என்னும் அறிஞர் வகுத்தார். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் அதன் குறைகளும் பெரிதாகும் அன்றோ! ஆதலின் வில்லை மிக நுட்பமாய் இருத்தல் வேண்டும். பெரெக் இல்லையேல் பர்னாக்கின் கருவி விளையாட்டுப் பொருளாகவே நின்றிருக்கும் எனலாம். அம்மாதிரிகளில் ஒரு குறையும் இருந்தது: அடுத்த படத்திற்காகச் சுருளை முறுக்கும்போது வில்லையை மூடியால் மறைக்காவிடில் ஒளி புகுந்து படம் பாழாகிவிடும்.

அப்போது ஜெர்மனியின் பொருளாதாரம் சீர்குலைந்திருந்தது. அறியாத புதுத் தொழிலில் பணத்தை இறக்குவது அறிவுடைமையோ என்று பலர் தயங்கினர். தவறினால் தொழிற்சாலையே ஆட்டம் காணும். வாளாவிருந்தாலோ தொழிலாளர்க்கு வேலை இராது. உரிமையாளர் எர்னஸ்ட் லைட்ஸ் 1924ஆம் ஆண்டில் நெடுநேர ஆலோசனைக்குப் பின், தம் பொறுப்பிலேயே அதனைச் செய்யத் துணிந்தார். மறு ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் லைக்கா என்னும் பெயருடன் கருவி வெளிவந்தது. 1930ஆம் ஆண்டில் வில்லைகளை மாற்றிப் பொருத்தும் வசதி ஏற்பட்டது. 1932ஆம் ஆண்டில் தொலைவு அளக்கும் அமைப்பும் சேர்ந்தது. பர்னாக் 1936ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காலமானார்.

மாதிரிக் கருவிகளுள் 105 என்னும் எண்ணுடையது பர்னாக் தம் கைக்கென வைத்திருந்தது. அவர் பெயர் அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளது. குடும்பத்தாரையும் ஊரையும் அதனால் படம் பிடித்த அவர், கண்ட குறைகளைப் பின்வந்த கருவிகளில் களைந்தார். பின்னர் அதனைத் தம் மகனுக்கு அளித்தார். கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரியும் அக்கருவி, 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் வெட்ஸ்லர் நகரில் ஏலத்திற்கு வந்து, 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று.