அங்குலிமாலர்

குற்றம் புரிந்தவனைத் தண்டித்தல் எளிது. அவனால் வருந்தினோரின் துயரை அவனே உணருமாறு செய்தல் அரிது. அவ்வரிய செயலைப் பகவன் புத்தர் எவ்வாறு முடித்தார் என்பதை அங்குலிமாலர் வரலாற்றில் காண்போம்.

பசேனதி மன்னன் கோசல நாட்டை ஆண்ட காலத்தில் வாழ்ந்த கொடிய கள்வன் அவன். தந்தை கக்கர், தாய் மந்தானி. கொன்றோரின் விரல்களைக் கோத்து மாலையாக அணிந்தமையால் அங்குலிமாலன் எனப் பெயர் பெற்றான். ஊர்கள் பாழாயின. நாற்பது பேர் கூடிச் சென்றும் அவன் கைக்குத் தப்பவில்லை. ஆயரும் உழவரும் தடுத்தும் கேளாது பகவர் தனியே அவ்வழி நடந்தார். கொலைத்தொழில் விட்டு நிற்குமாறு அவர் உணர்த்த, கள்வன் படைக்கலத்தை எறிந்து பிக்குவானான். அவனைப் பிடிக்க 500 குதிரை வீரருடன் புறப்பட்ட மன்னனும், சீவரம் அணிந்த அவரைக் கண்டு வியந்து வணங்கி மீண்டான்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. மன்னன் பொறுத்தான், மாண்டோரின் வீட்டார் கண்ணீர் காய்ந்ததோ?

சாவத்தியில் பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலர், மகப்பேற்று நோவால் துடித்த பெண்ணொருத்தியைக் கண்டு உள்ளம் உருகினார். பிறந்தநாள் முதல் அறிந்து ஓருயிரையும் கொல்லாத வாய்மையால் அவள் நலம் பெறுக என வாழ்த்துமாறு பகவர் பணித்தார். அது பொய்யாகுமே என்றார் அங்குலிமாலர். தம் பழைய குற்றத்தை மறைக்க அவர் இசையவில்லை. தம்மத்தில் பிறந்தநாள் முதல் எனத் திருத்திக் கூறுமாறு பகவர் பணிக்க, அவ்வாறே வாழ்த்தினார். தாயும் சேயும் நலம் பெற்றனர்.

பின்னர் அவர் அருகத நிலை எய்தினார். ஆயினும் பிச்சைக்குச் சென்ற ஒருநாள் கல்லும் தடியும் ஓட்டுச்சில்லும் அவர்மேல் விழுந்தன. உடைந்த தலையோடும் உடைந்த பாத்திரத்தோடும் திரும்பினார். பழவினையின் பயனென்று பொறுக்குமாறு பகவர் மொழிந்தார். எறிந்தவர் யாரெனச் சூத்திரம் கூறவில்லை. மகனை இழந்த தந்தையோ, கணவனை இழந்த மனைவியோ என நம் நெஞ்சம் எண்ணுகின்றது. அவரோ எவரையும் நோகாமல், பகைவரும் தம்மம் கேட்கவேண்டுமென விரும்பினார்.

பிரிட்டன் நாட்டுச் சிறைகளில் தம்மத் தொண்டு புரிய 1985-ஆம் ஆண்டு தொடங்கிய அமைப்பு இவர் பெயரையே தாங்கியுள்ளது. அது பொருத்தமே.

அன்பர்களே! நம்முள் குற்றம் புரிந்தோரும் உளர். பிறர் குற்றத்தால் புண்பட்டோரும் உளர். திருந்த முடியும் என்று முன்னவர்க்குக் கூறுவோம்; தாம் புண்படுத்தினோரை மறத்தல் ஆகாது என்பதையும் உடன் கூறுவோம். இவ்விரண்டும் சேர்ந்ததே அங்குலிமாலர் காட்டிய வழி.