தஞ்சைக் கல்வெட்டுக்கு 19 அடி நீளப் படம்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் சோழர் காலக் கல்வெட்டுகளை 1858-ல் 21 படங்களாக எடுத்து, வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார் ஒரு வெள்ளைக்காரர். அவர் புறப்பட்டு வந்தது நம் பெங்களூரிலிருந்து!

லின்னேயஸ் டிரைப் 1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னைப் பட்டாளத்தில் அதிகாரி. 1856-ல் சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரரானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார்.

அப்போது பிலிம் ஏது? பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகடிவ். அதில் பாறையும் கோபுரமும் தெளிவாக விழுவதற்குள் நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் விடவில்லை. நெகடிவின் மேலேயே சாயம் பூசி மேகம் வரைந்தார். அவர் படங்களில் மிதக்கும் மேகங்கள் பல, தூரிகை தந்தவை! கல்வெட்டில் அந்த வித்தை செல்லாது. கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுக்க வேண்டும். ஓரத்தோடு ஓரம் பொருந்த வேண்டும்.

1859-ல் புதிய கவர்னர் டிரெவெலியன் இதை ஆடம்பரச் செலவென்று நிறுத்தச் சொன்னார். அதன்பின் டிரைப் அதிகம் படம் எடுக்கவில்லை. பட்டாளத்துக்கே திரும்பினார். 1902-ல் இங்கிலாந்தில் காலமானார்.