வலியை உறங்க வைத்த வைத்தியர்

மயக்க மருந்தறியாத காலத்துச் சத்திரசிகிச்சையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஸ்கொத்லாந்தில் 1808இல் பிறந்த ஜேம்ஸ் எஸ்டெயில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராய் வங்காளத்து ஹூக்ளியில் பணியாற்றினார். 1845 ஏப்ரலில், சிகிச்சை வேதனையால் துடித்த கைதி ஒருவரை முதன்முறையாக அறிதுயிலில் ஆழ்த்தினார்.

பின்னர், இருண்ட அறையில் கிடத்திய நோயாளியின் உடல்மீது உதவியாளர் மணிக்கணக்காய்க் கைகளை அசைத்துத் துயில்வித்தனர். யானைக்கால் நோயின் பெருங்கட்டிகளும் அத்துயிலிலே அகற்றப்பட்டன. அரசினர் ஆராய்ந்து, 1846இல் கல்கத்தாவில் தனி மருத்துவமனை அளித்தனர். ஈதரும் குளோரோபோமும் பரவவே அம்முறை மங்கியது. 1859இல் அவரும் மறைந்தார்.

கையினின்று சக்தி பாய்வதாக அவர் நம்பியது பிழையே. மனத்தின் ஒருமையும் எதிர்பார்ப்பும் வலியுணர்வைத் தணிக்கும் என்பதே இன்றைய அறிவு. நோட்டன் பிரிட்ஜ் மலைகளினின்று மருத்துவம் கற்கச் செல்லும் நம் மாணவர், கைதியின் வலியையும் வலியெனக் கண்ட அந்நெஞ்சைப் பெறுவாராக.