எஃப்.ஏ. தேறாத நம்ம ராமானுஜன்

அரியர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இது நம்ம ஆள் ஒருத்தரின் கதை.

1887 டிசம்பர் 22ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். பள்ளியில் பரிசு மேல் பரிசு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆங்கிலத்தில் கோட்டை விட்டார், உதவித்தொகை போச்சு. 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909ல் கல்யாணம் வேறு! காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதுவாராம். 1912ல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913ல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பகா எண்களைப் பற்றி அதில் அவர் சொன்னவற்றில் சில தப்பு! ஆனாலும் மற்ற சூத்திரங்களைப் பார்த்த ஹார்டி விடவில்லை. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட விஷயம் நாம் ஆறாம் வகுப்பில் படித்த காரணிதான். 60ஐ எடுங்கள். 2×2×3×5. அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 3×2×2, அதாவது 12 காரணிகள். 60க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. 61 பகா எண், அதற்கு இரண்டே இரண்டு. மெஷின் ஷாப்பில் கியர் வெட்டியவர்களுக்கு இது கையிலேயே தெரியும். டிவைடிங் ஹெட்டில் 60 பல்லுக்கு 40/60, மூன்றில் இரண்டு சுற்று. 18 துளை வட்டத்தில் 12 துளை நகர்த்தினால் தீர்ந்தது. 61 பல் கேட்டால் அதற்கு ஏற்ற துளை வட்டம் வழக்கமான பிளேட்டில் இருக்காது. டிஃபரென்ஷியல் இன்டெக்சிங்குக்குப் போகணும். காக்களூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!

2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் காரணிகளில் மிஞ்சும் எண்களை ராமானுஜன் ஆராய்ந்தார். இவற்றைப் பிரித்தால் 2ல் தொடங்கி இடையில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகாது. அடுக்குகள் போகப்போக ஏறாது. 4, 36 இரண்டைத் தவிர, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றுதான். இதையெல்லாம் நிரூபித்தார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில், 10080 காரணிகள் கொண்ட 6746328388800 வரை பட்டியலே போட்டார்.

கட்டுரை 1915ல் வந்தது. லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு, அதனால் ஒரு பகுதி அச்சாகவில்லை. எஃப்.ஏ. தேறாதவருக்கு இந்தக் கட்டுரைக்காக 1916ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது. 1918ல் எஃப்.ஆர்.எஸ்.

நோயோடு 1919ல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ல் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32. அச்சாகாத பகுதி விளக்கக் குறிப்புகளோடு 1997ல் வெளிவந்தது. அவர் பட்டியலில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிருந்தது: 293318625600. கடைசி எண்ணை 23ஆல் வகுத்துப் பாருங்கள், அதுதான் வரும்.