மூச்சை அளந்த அறிஞர்

மாந்தர் வாழ்வுக்கு மூச்சே முதல். அம்மூச்சின் இயல்பை ஆராயத் தம் உடலையே கருவியாக்கிய பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜே. பி. எஸ். ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கக் காற்றையும் கடலில் மூழ்குவோர் மூச்சையும் ஆராய்ந்த உடலியல் அறிஞர். அவர் தம் மைந்தரை ஒரு சுரங்கத்தினுள் அழைத்துச் சென்று, கூரையை ஒட்டி எரிவாயு திரண்டிருந்த இடத்தில் நின்று பேசுமாறு பணித்தார். சிறுவர் மூச்சுத் திணறிச் சாய்ந்தார். தரையருகே நற்காற்று இருந்தமையின் தெளிவுற்றார். இவ்வாயு காற்றினும் இலேசானது என்னும் பாடத்தை அவர் உடலாலேயே கற்றார்.

1939-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்ப்பூல் விரிகுடாவில் ஆழ்ந்தது. 99 பேர் மாண்டனர்; நால்வரே தப்பினர். அடைபட்டோர்க்குப் பெரும்பகையாயிற்று அவர்தம் மூச்சே வெளிவிட்ட கரியமிலவாயு. வெளிக்காற்றில் இது நூற்றுக்கு 0.04 பங்கே உண்டு. சில பங்கு ஏறினால் மூச்சிரைப்பும் தலைநோவும் தோன்றும். 10 பங்கானால் அறிவு மயங்கும். இதனைத் தெளிய ஹால்டேன் தோழர் நால்வருடன் மூடிய அறையில் பல மணி நேரம் அடைபட்டிருந்தார். பின்னர்ப் போர்க்காலத்தில், அழுத்தம் மிக்க பிராணவாயுவைச் சுவாசித்து வலிப்புற்று, முதுகெலும்பும் ஊறுபட்டார்.

விட்ட மூச்சையே தூய்மை செய்து மீண்டும் அளிக்கும் மூழ்குகருவியில், கரியமிலவாயுவை ஈர்ப்பது சோடாச் சுண்ணாம்பு. அதில் பெரும்பகுதி நீற்றிய சுண்ணாம்பு. காஸ்டிக் சோடா சிறிதளவு. வேலை செய்கையில் அது சூடேறி நீரும் விடும். ஆதலின் அதனை இடும் கலம் ஈரத்தையும் காரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே தாங்கவேண்டும். எம் சேலம், நாமக்கல் பகுதியினர்க்கு இஃது எளிதில் விளங்கும். சேர்வராயன், கொல்லி மலைகளின் பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்தே மேட்டூரில் முன்னர் அலுமினியம் எடுத்தனர். அதே காரம் பூச்சற்ற அலுமினியத்தையும் அரித்து, எரியும் நீரகவாயுவை வெளியிடும். துத்தநாகம் பூசிய தகடும் அவ்வாறே. பிராணவாயு மிக்க இடத்தில் இது பேரிடர். நாற்றம் விடும் பிசினும் பிளாஸ்டிக்கும் நேரே மூச்சிற் கலக்கும். துருப்பிடியா எஃகும், காரத்தால் கெடாத, ஆவி விடாத பிளாஸ்டிக்குமே ஏற்றவை. கலத்தில் நீர் புகுந்தால் காரநீர் வாயைச் சுடுமாதலின், பொருத்துவாய் இறுக்கமாயிருத்தலும் இன்றியமையாதது.

உடல் எவ்வளவு தாங்கும் என்பதை ஹால்டேன் போன்றோர் துன்புற்று அளந்தனர். அவ்வெல்லையைக் கருவி மீறாவண்ணம் காப்பது அதனைச் செய்வோர் கடன். மலிவு கருதித் தகாத பொருளைத் தேர்வோர் பிறர் உயிரைப் பணயம் வைப்போராவர்.

ஹால்டேன் 1957-இல் இந்தியா போந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியேற்றார். 1961-இல் இந்நாட்டுக் குடிமகனானார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் புவனேசுவரத்தில் காலமானார். தம் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர் கற்றற்கு உரிமையாக்கிச் சென்றார். வாழ்நாளெல்லாம் ஆய்வுக்கு ஈந்த உடல் இறந்தபின்னும் அப்பணியே செய்தது. கற்பார்க்கு இதனினும் சிறந்த பாடம் யாம் அறியோம்.